“நீங்க போயிட்டு வாங்க, நான் கார்லயே இருக்கேன்”

கேள்வி: நாங்கள் வர்ஜீனியாவில், ஹெர்ண்டனில் இருக்கிறோம். இந்த அக்டோபரில் என் அப்பாவும் அம்மாவும் தஞ்சாவூரிலிருந்து முதல் முறையாக வருகிறார்கள். அப்பாவுக்கு 73 வயது, நெடுஞ்சாலைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். அம்மாவுக்கு 67, சர்க்கரை உண்டு, முழங்கால் வலியும் உண்டு. கொலம்பஸ் டே (அக்டோபர் இரண்டாவது திங்கட்கிழமை விடுமுறை) நீண்ட வார இறுதிக்கு நியூஜெர்சியிலிருந்து என் தம்பி, அவன் மனைவி, இரண்டு குழந்தைகள் (9 வயது, 4 வயது) வருகிறார்கள். என் கணவர் சனிக்கிழமை ஷெனண்டோவா தேசியப் பூங்காவின் மலைச்சாலையான ஸ்கைலைன் டிரைவ் முழுவதும், ஞாயிற்றுக்கிழமை லூரே குகை, திங்கட்கிழமை ஓல்ட் ராக் மலையேற்றம் என்று திட்டம் போட்டிருக்கிறார். போன வருடம் என் மாமியார் வந்தபோது இதே போல மலைக்குக் கூட்டிப் போனோம். முதல் இரண்டு இடத்தில் இறங்கினார். அப்புறம் “நீங்க போயிட்டு வாங்க, நான் கார்லயே இருக்கேன்” என்று சொல்லிவிட்டு நாள் முழுக்கக் காரிலேயே உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்து “ரொம்ப நல்லா இருந்துச்சு” என்றார். அது எனக்கு இன்னும் உறுத்துகிறது. அம்மாவுக்கும் அப்படி ஆகிவிடக் கூடாது. எட்டுப் பேருக்குச் சமைத்து, கட்டி எடுத்துக்கொண்டு மூன்று நாள் அலைவதை நினைத்தால் எனக்கே இப்போதே அலுப்பாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வாஷிங்டன் வட்டாரத்துக்கு வரும் நம்மூர்ப் பெற்றோர்களைச் சின்ன வேனில் வெளியூர் கூட்டிப் போவதுதான் பல வருடங்களாக என் தொழில். உங்கள் மாமியார் சொன்ன அந்த வாக்கியத்தை எத்தனையோ அம்மாக்கள் என்னிடம் அதே வார்த்தைகளில் சொல்லியிருக்கிறார்கள். ஆரம்பத்தில் நானும் அதை அப்படியே நம்பிவிடுவேன். களைப்பு, ஓய்வெடுக்கட்டும் என்று விட்டுவிடுவேன். ஒரு முறை மதுரையிலிருந்து வந்திருந்த ஒரு அம்மாவோடு நானும் காரிலேயே உட்கார்ந்துவிட்டேன். மற்றவர்கள் மலைப்பாதையில் போன பிறகு மெதுவாகச் சொன்னார்: “காலையில ஒரு எடத்துல பாத்ரூம் போனேன்மா. தண்ணியே இல்ல, வெறும் குழி. அதுக்கப்புறம் தண்ணி குடிக்கவே இல்ல. இறங்கி நடந்தா எங்க வந்துடுமோன்னு பயமா இருக்கு.” அவருக்கும் சர்க்கரை இருந்தது. நாலு மணி நேரமாக ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

அன்றிலிருந்து அந்த வாக்கியத்தைக் கேட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று தேட ஆரம்பித்துவிடுவேன். பெரும்பாலும் நாலு விஷயங்களில் ஒன்றாக இருக்கும்: கழிப்பறை, செருப்பு, குளிர், அல்லது “என்னால உங்களுக்கு லேட்டாகுது” என்ற கூச்சம். இதில் எதையும் அவர்கள் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், அதுவும் மருமகன் முன்னால் சொல்லவே மாட்டார்கள். அதனால் அம்மாவுக்கு அந்த வாக்கியத்தைச் சொல்லவே தேவை வராதபடி நாளை அமைப்பதுதான் உங்கள் வேலை. உங்கள் கணவருடைய திட்டத்தில் ஆசை நிறைய இருக்கிறது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதை வரைபடத்தைப் பார்த்துப் போட்டிருக்கிறார். அம்மாவின் முழங்காலைப் பார்த்து மறுபடியும் போடுவோம்.

முதலில் நாள். கொலம்பஸ் டே வார இறுதியில் ஸ்கைலைன் டிரைவ் வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து. அக்டோபர் சனி, ஞாயிறுகளில் பூங்காவின் ஃபிரண்ட் ராயல் வாசலிலும் தார்ன்டன் கேப் வாசலிலும் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். உள்ளே போனாலும் நல்ல வியூ பாயிண்ட்டுகளில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. கழிப்பறை வாசலிலும் வரிசை. இன்னொன்றும் இருக்கிறது. அந்தச் சனிக்கிழமை எந்த வருடமானாலும் புரட்டாசியில்தான் வரும். தஞ்சாவூர்க்காரர்கள், உங்கள் அப்பாவோ அம்மாவோ புரட்டாசி சனிக்கிழமை விரதம் இருப்பவர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு வேளை மட்டும் சாப்பிட்டுவிட்டு மலைவளைவுகளில் உட்கார்ந்து வந்தால் தலைசுற்றும். சர்க்கரை மாத்திரை போடும் அம்மா விரதமும் இருந்தால் அது ஆபத்து.

இலையுதிர்கால நிறத்தைப் பார்க்கவும் அந்த வார இறுதி சீக்கிரம்தான். மலையில் இலைகள் மேலிருந்து கீழாக நிறம் மாறும். உயரம் கூடக் கூடக் குளிர், அதனால் உச்சியில் இருக்கும் மரங்கள் முதலில் மாறும், அடிவாரத்து மரங்கள் கடைசியில் மாறும். ஷெனண்டோவா பூங்காவின் உயரமான இடம் ஹாக்ஸ்பில் சிகரம், 4,000 அடியைக் கொஞ்சம் தாண்டும். அடிவாரம் 600 அடிக்கும் கீழே. இந்த இறக்கம் முழுவதும் நிறம் இறங்கி வர வாரக்கணக்கில் ஆகும். பெரும்பாலான வருடங்களில் அக்டோபர் நடுவிலிருந்து மாதக் கடைசி வரை பூங்கா நன்றாக இருக்கும், சில வருடம் நவம்பர் முதல் வாரம் வரை நீளும். அப்பா அம்மா எப்படியும் சில மாதம் உங்களோடு இருக்கப் போகிறார்கள். அக்டோபர் கடைசி வாரத்தில் ஒரு செவ்வாய் அல்லது புதன். கணவர் ஒரே ஒரு நாள் லீவு போடட்டும். மூன்று நாள் வார இறுதி முழுவதையும் விட அந்த ஒரு நாள் அதிகம் தரும்.

அந்த நாளைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் விஷயம் முழுக்க அதில்தான் இருக்கிறது.

ஸ்கைலைன் டிரைவ் மொத்தம் 105 மைல். வேக வரம்பு மணிக்கு 35 மைல். எங்கும் நிற்காமல் ஓட்டினாலே மூன்று மணி நேரம். நின்று நின்று போனால் ஒரு பகல் முழுதும் போய்விடும், அப்புறம் வீடு திரும்பும் பயணம் வேறு. முழுவதும் வேண்டாம். ஃபிரண்ட் ராயலில் ஏறி தார்ன்டன் கேப்பில் இறங்குங்கள். அது சுமார் 31 மைல். உங்கள் வீட்டிலிருந்து 66ஆம் நெடுஞ்சாலையில் நேராகப் போய்விடலாம், வளைவுகள் மலை ஏறிய பிறகுதான் தொடங்கும். ஸ்பெர்ரிவில் ஊர் வழியாகத் தார்ன்டன் கேப்புக்கு ஏறினால் வாசலுக்கு முன்பே கொண்டை ஊசி வளைவுகள் வந்துவிடும். கொல்லிமலைக்கோ வால்பாறைக்கோ போகும்போது அம்மாவுக்கு வாந்தி வருமா என்று அப்பாவிடம் கேட்டால் தெரிந்துவிடும். வரும் என்றால் காலையில் வயிறு நிறைய இட்லி வேண்டாம். அதற்காக வெறும் வயிறும் கூடாது.

இந்த 31 மைலை நான் தேர்ந்தெடுப்பதற்குக் கழிப்பறைதான் முதல் காரணம். பூங்காவில் ஒவ்வொரு மைலுக்கும் கல் நட்டு எண் போட்டிருக்கும். 4.6ஆம் மைலில் டிக்கி ரிட்ஜ் வரவேற்பு மையம், 24ஆம் மைலில் எல்க்வாலோ கடை, 31.5இல் தார்ன்டன் கேப். மூன்றிலும் கழிப்பறை உண்டு. இடையில் இருக்கும் வியூ பாயிண்ட்டுகளில் எதுவும் கிடையாது. கிளம்புவதற்கு முன்பே அம்மாவிடம் இந்த மூன்று இடங்களையும் சொல்லிவிடுங்கள். “இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு. நடுவுல வேணும்னா திருப்பிக் கூட்டிட்டு வர்றேன்.” இது தெரிந்துவிட்டால் அம்மா தண்ணீர் குடிப்பார். ஒவ்வொரு இடத்திலும் நீங்களே முதலில் இறங்கி “நான் போறேன், வாம்மா” என்று கூப்பிடுங்கள். “போகணுமா?” என்று கேட்டால் “வேண்டாம்” என்றுதான் பதில் வரும். ஒரு பிளாஸ்டிக் செம்பு அல்லது வாய் அகலமான தண்ணீர் பாட்டில், ஒரு சின்னத் துண்டு, ஈரத்தாள் ஒரு பாக்கெட், எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டு அம்மா கையிலேயே கொடுத்துவிடுங்கள். கேட்டு வாங்க வேண்டிய நிலை இருக்கக் கூடாது. எந்தக் கட்டடம் அன்று திறந்திருக்கிறது என்பதை முந்தின நாள் பூங்காவின் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். பெட்ரோலும் கீழேயே நிரப்பிவிடுங்கள்.

நுழைவுக் கட்டணம் வண்டிக்கு 30 டாலர், ஏழு நாள் செல்லும். 62 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குச் சலுகை பாஸ் உண்டென்று யாராவது சொல்வார்கள். அது அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் மட்டும்தான். விசிட்டர் விசாவில் வந்திருக்கும் அப்பாவின் பாஸ்போர்ட்டை வாசலில் நீட்டிப் பயன் இல்லை.

காலை ஒன்பதரைக்கு வாசலில் இருக்கும்படி கிளம்புங்கள். அம்மாவை முன்சீட்டில் உட்கார வையுங்கள். வளைவுகளில் பின்சீட்டு படுத்தும், முழங்கால் நீட்டவும் முன்னால்தான் இடம். தெற்கு நோக்கி ஓட்டும்போது அந்த சீட் மேற்குப் பக்கம் இருக்கும். காலை வெயில் முதுகுக்குப் பின்னாலிருந்து விழுவதால் மேற்கே பள்ளத்தாக்கு முழுதும் வெளிச்சமாகத் தெரியும். சில நாள் கீழே பனிமூட்டம் பால் மாதிரி நிரம்பி நிற்கும், மேலே நீங்கள் வெயிலில் இருப்பீர்கள். அந்தக் காட்சிக்கு எந்த அம்மாவும் “கார்லயே இருக்கேன்” என்று சொல்லி நான் பார்த்ததில்லை.

எல்லா வியூ பாயிண்ட்டிலும் இறங்காதீர்கள். டிக்கி ரிட்ஜில் ஒரு முறை, 21ஆம் மைலுக்குச் சற்று முன்னால் ஹாக்பேக்கில் ஒரு முறை, இடையில் எங்கே அம்மா “ஆ!” என்று சொல்கிறாரோ அங்கே ஒரு முறை. அவ்வளவு போதும். ஒவ்வொரு இடத்திலும் அரை மணி நேரம். காரின் பின்னால் இரண்டு மடக்கு நாற்காலி போட்டுக்கொள்ளுங்கள். இதை மட்டும் மறக்கவே கூடாது. நின்றுகொண்டு பார்க்க முழங்கால் பத்து நிமிடம்தான் அனுமதிக்கும், உட்கார்ந்துவிட்டால் ஒரு மணி நேரம் பார்ப்பார்கள். சாலையோரக் கல்சுவர் உட்கார வசதியாகத் தெரியும், ஆனால் ஈரமாகவும் சில்லென்றும் இருக்கும், அந்தப் பக்கம் பள்ளம்.

ஹாக்பேக்கிலிருந்து கீழே ஷெனண்டோவா ஆறு வளைந்து வளைந்து போவது தெரியும். அங்கே உட்கார்ந்திருக்கும்போது அம்மா நிச்சயம் ஒரு கேள்வி கேட்பார்: “இந்த மரமெல்லாம் பட்டுப்போயிடுமா?” நம்மூரில் மரம் மொத்தமாக இலை நிறம் மாறினால் நோய் என்றுதானே அர்த்தம். இப்படிச் சொல்லுங்கள். பகல் குறையும்போது மரம் இலைக்குள் பச்சையம் செய்வதை நிறுத்திவிடுகிறது. மஞ்சள் நிறம் இலைக்குள் முன்பே இருந்ததுதான், பச்சை விலகியதும் வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படி இல்லை. மேப்பிள், பிளாக் கம் மாதிரியான மரங்கள் இலையில் தேங்கும் சர்க்கரையிலிருந்து அதைப் புதிதாகச் செய்கின்றன. பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத குளிரும் இருந்தால் சிவப்பு நன்றாக ஏறும். அப்புறம் நம்மூர் நாட்டு வாதாம் மரத்தை நினைவுபடுத்துங்கள். பள்ளிக்கூட வாசலில் நிற்குமே, உதிர்வதற்கு முன் பெரிய பெரிய இலைகள் சிவந்துபோகும். அம்மாவுக்குச் சட்டென்று பிடிபடும். இந்த ஒப்பீட்டை எனக்குச் சொன்னவரும் என்னோடு வந்த ஒரு பாட்டிதான். அதற்கு முன் நான் விஞ்ஞானமாக ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்பாவுக்கு ஒரு வேலை கொடுங்கள். வேலை பார்த்தே பழகியவர்களுக்கு மகள் வீட்டில் சும்மா உட்கார்ந்து வருவதுதான் பெரிய களைப்பு. மைல் கல் எண்களைப் பார்த்து அடுத்த நிறுத்தம் எங்கே என்று சொல்வது அப்பாவின் பொறுப்பாக இருக்கட்டும். அச்சிட்ட வரைபடம் வாசலிலேயே கிடைக்கும். மலைமேல் பெரும்பாலான இடங்களில் போன் சிக்னல் கிடைக்காது, அதனால் அப்பாவின் வரைபடம் உண்மையிலேயே உதவும். நெடுஞ்சாலைத் துறைக்காரர் என்பதால் இந்தச் சாலையின் கதை அவருக்குப் பிடிக்கும். 1931இல், பெரும் பொருளாதார வீழ்ச்சியின் நடுவில், வேலை தொடங்கினார்கள். பிறகு அரசாங்கம் வேலையில்லா இளைஞர்களைக் கொண்டு அமைத்த படை வந்தது. ஓரத்துக் கல்சுவர்களில் நிறைய அவர்கள் கைவேலை. தார்ன்டன் கேப்பைத் தாண்டி ஒரு மைல் போனால் மேரிஸ் ராக் சுரங்கப்பாதை. 600 அடிக்கு மேல் நீளத்துக்குப் பாறையைக் குடைந்திருக்கிறார்கள். அப்பா ஆசைப்பட்டால் அதுவரை போய்த் திரும்புங்கள், பத்து நிமிடம்தான்.

இந்த மலையில் வாழ்ந்துகொண்டிருந்த நூற்றுக்கணக்கான குடும்பங்களை வெளியேற்றித்தான் 1935இல் பூங்காவை அமைத்தார்கள். டிக்கி ரிட்ஜ் மையத்துக்கு எதிரே தொடங்கும் ஃபாக்ஸ் ஹாலோ நடைபாதை அப்படி ஒரு குடும்பத்தின் பண்ணை இருந்த இடம். அவர்கள் அடுக்கிய கற்சுவர்கள் இருக்கின்றன, சின்னக் கல்லறைத் தோட்டமும் இருக்கிறது. இதைச் சொன்னதும் நம் பெரியவர்களில் யாராவது ஒருவர் மேட்டூர் அணையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். அணையைக் கட்டி முடித்தது 1934, ஏறக்குறைய அதே காலம். நீர் வற்றினால் வெளியே தெரியும் நந்தி சிலையையும் மாதா கோயில் கோபுரத்தையும் பற்றிச் சொல்வார். அந்த அணைத் தண்ணீரில் விளைந்த ஊரிலிருந்து வருபவர் உங்கள் அப்பா. அவர் பேச ஆரம்பித்தால் இடையில் “அடுத்த இடத்துக்குப் போலாமா” என்று யாரும் கேட்காதீர்கள். ஆனால் அந்தப் பாதையில் அம்மா இறங்க வேண்டாம். 1.2 மைல் சுற்று, முதலில் இறக்கம், திரும்பும்போது ஏற்றம். முழங்கால் வலி இருப்பவர்களை இறக்கத்தில் தொடங்கும் எந்தப் பாதையிலும் கூட்டிப் போகக் கூடாது. அப்பாவும் மருமகனும் போகட்டும், நீங்கள் அம்மாவோடு மையத்தின் வெளியே நாற்காலியில் உட்காருங்கள். அந்த அரை மணி நேரம் உங்களுக்கும்தான்.

எப்படி ஏற்பாடு செய்தாலும் ஏதோ ஒரு இடத்தில் அம்மா காரிலேயே இருக்க விரும்பலாம். இருக்கட்டும், ஆனால் தனியாக விடாதீர்கள். சிக்னல் இல்லாத இடம், கார் ஹீட்டரைப் போடத் தெரியாது, சர்க்கரை இறங்கினால் சொல்ல ஆள் இல்லை. முறை வைத்து யாராவது ஒருவர் கூட இருங்கள். உங்கள் பெயர், போன் எண், அம்மா போடும் மாத்திரைகள், இவற்றை ஒரு தாளில் எழுதி அம்மா அப்பா இருவர் கைப்பையிலும் வைத்துவிடுங்கள்.

சர்க்கரை பற்றி மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். அவர்கள் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே, நாள் முழுக்க வெளியே இருந்தால் மாத்திரை நேரம், சாப்பாட்டு நேரம் எப்படி என்று கேட்டு எழுதி வாங்கி வரச் சொல்லுங்கள். பயணங்களில் நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். குளிரில் கை நடுங்குவதும் சர்க்கரை இறங்கி நடுங்குவதும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். நடுக்கம் வந்தால் சால்வையைப் போர்த்திவிட்டு நிறுத்திவிடாதீர்கள், சோதிக்கும் கருவியை எடுத்துப் பாருங்கள். கருவியும் கொஞ்சம் குளுக்கோஸும் காரின் டிக்கியில் இருக்கக் கூடாது, கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். மருத்துவக் காப்பீட்டை அவர்கள் விமானம் ஏறும் முன்பே எடுத்துவிடுங்கள்.

அப்புறம் காலணி. பல அம்மாக்கள் காரை விட்டு இறங்க மறுப்பதற்கு மெட்டியும் ஒரு காரணம் என்பதை நான் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன். மூடிய ஷூவுக்குள் மெட்டி பக்கத்து விரலை அழுத்தி, அரை மணி நேரத்தில் நடக்கவே முடியாமல் செய்துவிடும். கழற்றச் சொன்னால் மனசு கேட்காது, சொல்லவும் கூடாது. முன்பக்கம் அகலமான ஷூ, ஒரு அளவு பெரியதாக வாங்குங்கள். வந்த முதல் வாரத்திலேயே வாங்கி, வீட்டுக்குள்ளும் தெருவிலும் பத்து நாள் போட்டுப் பழகட்டும். மலைக்குப் போகும் அன்று புது ஷூ கூடாது. செருப்பும் சாக்ஸும் சேர்த்துப் போடுவது நம் வழக்கம், ஆனால் உதிர்ந்த இலை ஈரமாக இருக்கும்போது எண்ணெய் கொட்டிய தரை மாதிரி வழுக்கும். புடவையா சுடிதாரா என்பதை அம்மாவே முடிவு செய்யட்டும். புடவை என்றால் கணுக்காலுக்கு மேலே நிற்கும்படி கொஞ்சம் தூக்கிக் கட்டச் சொல்லுங்கள், உள்ளே ஒரு கம்பளி லெக்கிங்ஸ். மலைமேல் கீழே இருப்பதை விட ஐந்து, ஆறு டிகிரி செல்சியஸ் குறைவாக இருக்கும், காற்று வேறு. காது மூடும் குல்லாய் அப்பாவே கொண்டு வருவார்.

சாப்பாட்டில் உங்கள் சுமையைக் குறைத்துக்கொள்ளுங்கள். தயிர்சாதம் அந்தக் குளிரில் இறங்காது, எத்தனையோ டப்பாக்கள் திறக்காமல் திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன். புளியோதரை, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, ஒரு பெரிய ஃபிளாஸ்க் நிறைய சூடான மிளகு ரசம். இந்த ரசத்தை மலைமேல் டம்ளரில் ஊற்றிக் கொடுக்கும்போது பெரியவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். இன்னொரு ஃபிளாஸ்கில் வெந்நீர். அதற்கு மேல் எதுவும் வேண்டாம். புளிக்காய்ச்சலை அம்மா தஞ்சாவூரிலிருந்தே கிளறிக் கொண்டு வரட்டும், கேட்டால் மகிழ்ந்துபோவார். எல்க்வாலோவில் பிக்னிக் மேசைகள் இருக்கின்றன. கரடிகள் உலவும் மலை அது, அதனால் சாப்பிட்டு முடித்ததும் மிச்சத்தை மூடிக் காருக்குள் வையுங்கள், ஒரு பருக்கை கூட வெளியே விடாதீர்கள்.

அக்டோபர் கடைசியில் மாலை ஆறேகால் வாக்கில் சூரியன் மறைந்துவிடும். இருட்டும் நேரத்தில் மான்கள் சாலைக்கு வரும். மூன்று மணிக்குள் மலையை விட்டு இறங்கிவிடுங்கள்.

இனி தம்பி வரும் வார இறுதி. ஒன்பது, நாலு வயதுக் குழந்தைகளுக்கு வியூ பாயிண்ட் ஐந்து நிமிட விஷயம். அவர்களுக்குப் பழத்தோட்டம்தான் சரி. 66ஆம் சாலையில் மார்க்கம், லிண்டன் பக்கம் அடிவாரத்தில் ஆப்பிள் தோட்டங்கள் இருக்கின்றன, நாமே பறித்து எடை போட்டு வாங்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரும் அங்கே போங்கள். தாத்தா பாட்டி கையால் மரத்திலிருந்து ஆப்பிள் பறித்துப் பேரனுக்குக் கொடுப்பதை விட நல்ல படம் உங்களுக்கு மலையிலும் கிடைக்காது. பின்னால் மலையும் தெரியும். இரண்டு எச்சரிக்கை. அங்கே விற்கும் சைடர் டோனட்டில் பொதுவாக முட்டை உண்டு, புரட்டாசியில் அம்மா தெரியாமல் வாயில் வைத்துவிட்டால் நாள் முழுக்க வருந்துவார். சைடர் என்றால் இங்கே புளிக்காத ஆப்பிள் சாறு, ஹார்ட் சைடர் என்றால் மது. இரண்டும் பக்கத்துப் பக்கத்துக் கவுண்டரில் இருக்கலாம்.

ஓல்ட் ராக் உங்கள் கணவரும் தம்பியும் மட்டும் போகட்டும். பாறை இடுக்குகளில் கையை ஊன்றி ஏற வேண்டிய மலை, கிட்டத்தட்ட முழு நாள் எடுக்கும், மார்ச் முதல் நவம்பர் வரை முன்கூட்டியே தனி டிக்கெட் வாங்க வேண்டும். அன்று வீட்டில் இருப்பவர்களுக்கு மதியச் சாப்பாடு வெளியிலிருந்து வரட்டும், அதை அவர்களே ஆர்டர் செய்துவிட்டுக் கிளம்பட்டும். இதை நீங்கள் தயங்காமல் கேட்கலாம். லூரே குகை நல்ல இடம், தரையெல்லாம் பாதை போட்டிருக்கிறார்கள், உள்ளே வருடம் முழுக்க சுமார் 12 டிகிரி. ஆனால் ஒரு மைலுக்கு மேல் நடை, ஏற்ற இறக்கம் உண்டு, பாதியில் உட்கார நினைத்தால் சிரமம். மழை பெய்யும் ஒரு வார நாளுக்கு அதைத் தள்ளி வையுங்கள். மலைநாள் எப்படிப் போனது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

அவர்கள் வந்து இறங்கிய முதல் வாரம் எங்கேயும் போகாதீர்கள். ஒன்பதரை மணி நேர வித்தியாசத்தில் மதியம் மூன்று மணிக்குக் கண் சொருகும். ஒரு நாள் வெளியே போனால் அடுத்த இரண்டு நாள் வீடு. அந்த நாட்களில் அம்மா உங்கள் சமையலறையில் நுழைவார், பாத்திரங்களை இடம் மாற்றுவார். தடுக்காதீர்கள். நீங்கள் போய் ஒரு மணி நேரம் படுங்கள். உங்கள் அலுப்பைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அம்மா வரும்போது நீங்கள் நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருந்தால் அவர் பார்க்கப் போவது ஓடும் மகளைத்தான், அதற்காகவும்தான் அவர் “நான் கார்லயே இருக்கேன்” என்று சொல்வார்.

கடைசியாக ஒன்று. அவர்கள் வருவதற்கு முன் உங்கள் மாமியாருக்கு ஒரு போன் போடுங்கள். “அத்தை, அம்மா வர்றாங்க, அதே மலைக்குத்தான் கூட்டிட்டுப் போறோம். அன்னைக்கு உங்களுக்கு எது கஷ்டமா இருந்துச்சுன்னு சொல்லுங்க, நான் சரி பண்ணி வச்சுக்கறேன்” என்று கேளுங்கள். உங்களுக்காகக் கேட்டால் “ஒண்ணும் இல்லம்மா” என்பார். உங்கள் அம்மாவுக்காகக் கேட்டால் சொல்லிவிடுவார். அவர் சொல்வதை இந்தப் பதிலில் நான் எழுதியிருப்பதற்கெல்லாம் மேலே வைத்துக்கொள்ளுங்கள்.